கையால் ஓட்டினால் ஓடுகிற பேக்கப் கிரானில் ஓடவில்லை: டேட்டாபேஸ், ஃபைல் இரண்டையும் தினமும் வெளியே அனுப்புவது எப்படி?

நொய்யல்கரை:

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் பக்கம் முழுக்க நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆர்டர், கட்டிங், ஜாப் ஒர்க் கணக்கு எல்லாம் பிஎச்பியில் எழுதிய ஒரு அப்ளிகேஷனில் ஓடுகிறது. வாடகை விபிஎஸ் (இன்டர்நெட்டில் வாடகைக்கு எடுத்த சர்வர்), உபுண்டு லினக்ஸ், டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல் 8. டேட்டாபேஸ் சுமார் 9 ஜிபி. பையர் அனுப்பும் டெக் பேக், பிரிண்ட் ஆர்ட்வொர்க், சாம்பிள் போட்டோ என்று ஃபைல்கள் 140 ஜிபி இருக்கும்.

இதுவரை வாரம் ஒருமுறை நானே டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஃபைலாக எழுதிய பிரதி) எடுத்து ஆபீஸில் இருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் போட்டு வைப்பேன். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களை ரான்சம்வேர் பூட்டிவிட்டது. சொருகியே வைத்திருந்த பேக்கப் டிஸ்கும் சேர்ந்து போயிற்று. அதைக் கேட்டதிலிருந்து முதலாளி தினமும் "நம்முடையது பத்திரமா?" என்று கேட்கிறார். தினமும் தானாக ஓடி, வேறு ஊரில் போய் உட்கார வேண்டும் என்பதுதான் தேவை.

குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரானுக்காக, அதன் பட்டியலான கிரான்டேபில் ஒரே வரி எழுதினேன். இரவு 2 மணிக்கு மைஎஸ்க்யூஎல்டம்ப் ஓடி, பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் குறி) வழியாகச் சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்குப் போய், அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட ஃபைல் விழ வேண்டும். அப்புறம் ஆர்குளோன் என்ற காப்பி கருவியின் சிங்க் கட்டளை அந்த ஃபோல்டரையும் அப்லோட் ஃபோல்டரையும் கூகுள் டிரைவுக்கு அனுப்ப வேண்டும். அதே வரியை டெர்மினலில் ஒட்டினால் அழகாக ஓடுகிறது. கிரானில் ஃபைலே வருவதில்லை, எரரும் கண்ணில் படவில்லை. என்ன காரணம்? சரியாகிவிட்டால் இந்த ஏற்பாடு போதுமா?

பழையசர்வர்:

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். தேதிக்காக அந்த வரியில் % குறி போட்டிருப்பீர்கள். கிரான்டேபில் % என்றால் புதுவரி என்று அர்த்தம். அதற்கு முன்னால் இருப்பது மட்டும்தான் கட்டளையாகப் போகும், மிச்சம் அந்தக் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டால் தீரும். அதைவிட எல்லாவற்றையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி, கிரான்டேபில் ஸ்கிரிப்ட் பெயரை மட்டும் போடுங்கள். ஸ்கிரிப்டுக்குள் இந்தத் தொல்லை கிடையாது.

எரர் தெரியாததற்குக் காரணம் வேறு. கிரான் தன் புலம்பலை மெயிலில் அனுப்பும். உங்கள் விபிஎஸ்ஸில் மெயில் அனுப்பும் புரோகிராம் இருக்காது. சர்வரின் பதிவான சிஸ்லாகைத் திறந்து பாருங்கள், அந்த மெயில் புரோகிராம் (எம்டிஏ) இல்லாததால் வெளியீட்டைத் தூக்கிப்போடுகிறேன் என்ற பொருளில் தினமும் ஒரு வரி இருக்கும். இன்னொன்று, கிரானுக்குத் தெரிந்த பாத், அதாவது புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியல், மிகச் சிறியது. ஆர்குளோனை ஸ்னாப் வழியாகப் போட்டிருந்தால் கிரானுக்கு அது எங்கே என்றே தெரியாது. முழுப் பாதையைக் கொடுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. போதாது. எனக்கு உண்மையாகவே கவலை தருவது % இல்லை, அந்தப் பைப். பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளை ஜெயித்தால் ஷெல் முழு வரியும் ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளும். நாளைக்கு யாராவது டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். டம்ப் உள்ளேயே போக முடியாமல் நின்றுவிடும். ஜிஜிப் மட்டும் வெற்றிடத்தைப் பத்திரமாகச் சுருக்கி 20 பைட்டில் ஒரு ஃபைல் செய்துவிட்டு "சரி" என்று சொல்லும். தினமும் சரியான தேதியோடு, சரியான பெயரோடு, உள்ளே ஒன்றுமில்லாத ஃபைல்கள் வரிசையாகச் சேரும். ஃபோல்டரைத் திறந்து பெயரை மட்டும் பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

ஸ்கிரிப்டின் தலையில், பைப்பில் எது தோற்றாலும் முழு வரியும் தோற்றதாகக் கொள்ளும் பைப்ஃபெயில் ஆப்ஷனைப் போடுங்கள். அப்புறம் டம்ப்பின் கடைசி வரியைப் பாருங்கள். முழுதாக முடிந்த டம்ப்பின் அடியில் "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று தேதியோடு ஒரு குறிப்பு வரி இருக்கும். டிஸ்க் நிறைந்தோ கனெக்ஷன் அறுந்தோ பாதியில் நின்றால் அது இருக்காது. அந்த வரி இல்லாத எதையும் ஸ்கிரிப்ட் வெளியே அனுப்பக் கூடாது.

நேரத்தையும் பாருங்கள். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில்தான் வரும். நீங்கள் போட்ட 2 மணி நமக்குக் காலை 7.30. முதல் ஷிப்ட் ஆள்கள் என்ட்ரி போட ஆரம்பிக்கும் நேரம். நம் ஊர் இரவு 2.30 வேண்டுமென்றால் அங்கே 21.00 என்று எழுத வேண்டும்.

கடைசியாக சிங்க். அது இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல ஆக்குகிற கட்டளை. இங்கே அழிந்தது அங்கேயும் அழியும், இங்கே ரான்சம்வேர் குதறியது அங்கேயும் குதறியபடி போய் உட்காரும். அதைப் பேக்கப் என்று முதலாளியிடம் சொல்லாதீர்கள்.

நொய்யல்கரை:

அண்ணே, % தான். பின்சாய்வுக்கோடு போட்டதும் ஓடிவிட்டது. சிஸ்லாகில் நீங்கள் சொன்ன வரி தினமும் இருந்தது. சர்வர் நேரமும் யுடிசிதான். ஸ்கிரிப்டாகவே மாற்றுகிறேன்.

மீனாட்சி_டிபிஏ:

டேட்டாபேஸ் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன் தம்பி. சிங்கிள்-டிரான்சாக்ஷன் ஆப்ஷன் போட்டிருக்கிறீர்களா? அது இருந்தால் டம்ப் தொடங்கிய நொடியில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அப்படியே எழுதும், யாரையும் பூட்டி நிறுத்தாது. அது இல்லாவிட்டால் டேபிள்களைப் பூட்டிக்கொண்டுதான் எடுக்கும், நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் உங்களுக்கு போன் செய்வார். ஆனால் இந்தச் சலுகை இன்னோடிபி வகை டேபிள்களுக்கு மட்டும்தான். பழைய அப்ளிகேஷன் என்றால் மைஐசாம் என்ற பழைய வகை டேபிள் ஒன்றிரண்டு மிஞ்சி இருக்கும். முதலில் அதைப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

ட்ரிகர்கள் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கட்டளைகள்) தானாக டம்ப்பில் வரும். ஸ்டோர்டு புரொசீஜர்களும் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதிவைத்த கட்டளைத் தொகுப்புகள்) ஈவென்ட்களும் (குறித்த நேரத்தில் ஓடுபவை) தானாக வராது, ரொட்டீன்ஸ், ஈவென்ட்ஸ் என்ற இரண்டு ஆப்ஷன்களையும் சேர்க்க வேண்டும். ஜாப் ஒர்க் கணக்கு மாதிரி அப்ளிகேஷன்களில் கூலிக் கணக்கே புரொசீஜருக்குள்தான் இருக்கும். டேட்டா எல்லாம் வந்து, கணக்குப் போடுகிற பகுதி வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன். டேட்டாபேஸ் யூசர்களையும் அவர்கள் உரிமைகளையும் தனியாக எடுத்து வையுங்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. இரவு 2.30க்கு டம்ப். மாலை 6 மணிக்கு டிஸ்க் போய்விட்டது. அன்று காலையிலிருந்து போட்ட டெலிவரி சலான், கட்டிங் என்ட்ரி எல்லாம் போச்சு. பேப்பரை வைத்துத் திரும்ப ஏற்ற முடியுமா? இதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், முதலாளியும் கணக்குப் பிரிவும் முடிவு செய்யட்டும். முடியாது என்றால் இரவு டம்ப் மட்டும் பத்தாது, பின்லாகும் (டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) வெளியே போக வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8இல் பின்லாக் தானாகவே ஆனாகித்தான் இருக்கும், 30 நாள் வரை வைத்திருக்கும். ஆனால் அதே டிஸ்கில் இருக்கிற பின்லாக் அந்த டிஸ்கோடு போய்விடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பின்லாக் தொடங்கச் சொல்லி, முடிந்ததை வெளியே காப்பி செய்கிற சின்ன டைமர் ஒன்று போதும். டம்ப் எடுக்கும்போது சோர்ஸ்-டேட்டா ஆப்ஷனை 2 என்று கொடுத்தால், அந்த டம்ப் எந்தப் பின்லாகின் எந்த இடத்தில் எடுத்தது என்று டம்ப்பிலேயே குறிப்பாக எழுதி வைக்கும். நாளைக்கு அங்கிருந்து பின்லாகை ஓட்டினால் 5.45 மணி வரைக்கும் கொண்டுவந்துவிடலாம்.

எளிமை_போதும்:

இவ்வளவு தேவையா என்று தோன்றுகிறது. விபிஎஸ் கம்பெனியே மாதம் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு தினமும் ஸ்னாப்ஷாட் (முழு டிஸ்கின் அந்த நேரத்துப் பிரதி) எடுத்துத் தருகிறது. ஒரு டிக் போட்டால் முடிந்தது. சின்னக் கம்பெனியில் ஒரே ஆள் எத்தனை ஸ்கிரிப்டைத்தான் கட்டி மேய்ப்பது? நான் பார்த்துக்கொள்கிற இடங்களில் ஸ்னாப்ஷாட் மட்டும்தான். இரண்டு முறை அதிலிருந்து மீட்டும் இருக்கிறேன், நன்றாகவே வேலை செய்தது.

பழையசர்வர்:

ஸ்னாப்ஷாட் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அப்டேட் போட்டு ஏதாவது உடைந்தால் பத்து நிமிடத்தில் திரும்ப அதுதான் கைகொடுக்கும். டிக் போடுங்கள். ஆனால் அது எங்கே இருக்கிறது, யார் கையால் அழியும் என்ற இரண்டையும் யோசியுங்கள்.

2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் கம்பெனியின் டேட்டா சென்டரில் தீப்பிடித்து எஸ்பிஜி2 கட்டடம் முழுக்க எரிந்தது. பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டி வந்த வாடிக்கையாளர் ஒருவரின் பேக்கப்பும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. 2023இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நீதிமன்றம் பணம் கொடுக்கச் சொல்லலாம், போன டேட்டாவைத் திருப்பித் தர முடியாது. தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்தி வந்த ஜி-டிரைவ் சேமிப்பில் 858 டெராபைட் போய்விட்டது. அளவு பெரிது என்பதால் வெளியே பேக்கப்பே வைக்கவில்லை.

தீயாவது அபூர்வம். கோட் ஸ்பேஸஸ் என்று ஒரு கம்பெனி, மென்பொருள் எழுதுகிறவர்களின் கோடைப் பாதுகாத்துத் தருவதுதான் அதன் தொழிலே. 2014 ஜூனில் ஒருவன் அவர்களுடைய அமேசான் கிளவுட் கன்ட்ரோல் பேனலுக்குள் புகுந்து பணம் கேட்டான். அவர்கள் பாஸ்வேர்டை மாற்ற முயன்றதும், சர்வர், டிஸ்க், ஸ்னாப்ஷாட், பேக்கப் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தான். எல்லாமே அந்த ஒரே பேனலில் இருந்தது. பன்னிரண்டு மணி நேரத்தில் கம்பெனிக்கே மூடுவிழா. உங்கள் ஸ்னாப்ஷாட்டும் சர்வரும் ஒரே லாகினில்தானே இருக்கின்றன?

எளிமை_போதும்:

ஒரே லாகின்தான். அந்தக் கோணம் நியாயம். ஆனாலும் பார்க்க ஆளில்லாத இடத்தில் பத்து ஸ்கிரிப்டை விட ஒரு டிக் மேல் என்பதில் மாற்றமில்லை.

கணக்குப்பிள்ளை:

நான் ஆடிட்டர் ஆபீஸ் ஆள். கம்ப்யூட்டர் விஷயத்தில் உங்கள் அளவுக்குத் தெரியாது, ஆனால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்குப் புத்தகங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பட்சத்தில் அவற்றின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். கம்பெனிகள் கணக்கு விதிகளில் முன்பு "அவ்வப்போது" என்ற பொருளில் இருந்ததை 2022 ஆகஸ்டில் "தினமும்" என்று மாற்றிவிட்டார்கள். வெளிநாட்டில் இன்னொரு பிரதி வைப்பதில் தடையில்லை, ஆனால் இந்தியாவில் ஒன்று கட்டாயம். புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவேடுகளுக்கு ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம்.

உங்கள் கணக்கு டேலியில்தானே? அது விபிஎஸ்ஸில் இல்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அதை மறந்துவிட்டு ஆர்டர் டேட்டாபேஸை மட்டும் காப்பாற்றினால் பாதி வேலைதான்.

நொய்யல்கரை:

டேலி ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் சார், விண்டோஸ். நான் அதை யோசிக்கவே இல்லை. டாஸ்க் ஷெட்யூலரில் காப்பி செய்ய ஒரு பேட்ச் ஃபைல் எழுதிப் பார்த்தேன். லாகின் செய்திருக்கும்போது ஓடுகிறது, லாகவுட் செய்தால் இசட் டிரைவ் இல்லை என்கிறது. அப்புறம் ஆர்டர் டேட்டாவுக்கு வெளியே எங்கே வைப்பது, எதை வைத்து அனுப்புவது என்று யாராவது முழுதாகச் சொல்லுங்களேன்.

இரவுப்பணி:

இசட் டிரைவ் என்பது நீங்கள் லாகின் செய்த செஷனுக்கு மட்டும் சொந்தம். லாகின் இல்லாமல் ஓடுகிற டாஸ்க்குக்கு அந்த எழுத்து கிடைக்காது. எழுத்தை விட்டுவிட்டு இரண்டு பின்சாய்வுக்கோட்டில் தொடங்கும் நெட்வொர்க் பாதையையே எழுதுங்கள், அந்த டாஸ்க் ஓடும் யூசருக்கு அங்கே உரிமை கொடுங்கள். டேலி கம்பெனி திறந்திருக்கும்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யாதீர்கள். எல்லோரும் மூடிய பிறகு, அல்லது டேலியின் சொந்த பேக்கப் வசதி எழுதிய ஃபைலை எடுத்து அனுப்புங்கள்.

இப்போது முழு ஏற்பாடு. நான் ரெஸ்டிக் என்ற இலவச மென்பொருளைச் சொல்வேன். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி ஓடும். அனுப்பும் முன்பே எல்லாவற்றையும் பூட்டி என்கிரிப்ட் செய்துவிடும், ஆக ஸ்டோரேஜ் கம்பெனிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. உங்கள் 140 ஜிபியில் ஒரு நாளைக்கு 200 எம்பி மாறினால் ஏறக்குறைய அதை மட்டும்தான் அனுப்பும், ஆனால் ஒவ்வொரு நாளும் முழு ஃபோல்டர் இருந்ததுபோலத் திறந்து பார்க்கலாம். ஒரு விஷயம்: டம்ப்பை ஜிஜிப்பில் சுருக்கிவிட்டு ரெஸ்டிக்கிடம் கொடுக்காதீர்கள். சுருக்கிய ஃபைலில் நடுவே ஒரு வரி மாறினாலும் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் வேறாகிவிடும், தினமும் முழு டம்ப்பும் புதுசாகவே ஏறும். சுருக்காமல் கொடுங்கள், 0.14 பதிப்பிலிருந்து அதுவே இசட்ஸ்டாண்டர்டில் சுருக்கிக்கொள்கிறது. புதிய பதிப்புகளில் டம்ப் கட்டளையை ரெஸ்டிக்கையே ஓட்டச் சொல்லலாம். டம்ப் தோற்றால் பேக்கப்பும் தோற்றதாகவே முடியும், பழையசர்வர் சொன்ன பைப் சிக்கலே எழாது.

இடம்: அமேசானின் எஸ்3 என்ற ஆன்லைன் சேமிப்பு, மும்பை, இல்லையென்றால் 2022இல் வந்த ஹைதராபாத். கணக்குப்பிள்ளை சார் சொன்ன விதிக்கும் அது சரியாகிவிடும். விபிஎஸ் எந்தக் கம்பெனியோ அதில் வைக்க வேண்டாம். பக்கெட்டில் (எஸ்3இல் உங்கள் டேட்டா இருக்கும் பெட்டி) பழைய பிரதிகளையும் வைத்திருக்கும் வெர்ஷனிங்கை ஆன் செய்யுங்கள். சர்வருக்குக் கொடுக்கும் சாவிக்கு எழுதவும் படிக்கவும் உரிமை கொடுங்கள். பழைய வெர்ஷனை நிரந்தரமாக அழிக்கும் உரிமை மட்டும் அந்தச் சாவிக்கு இருக்கக் கூடாது. யாராவது சர்வருக்குள் புகுந்து அழி என்று சொன்னாலும் அழிந்ததாக ஒரு அடையாளம்தான் விழும், உண்மையான டேட்டா அடியில் இருக்கும். அப்படி மறைந்த வெர்ஷன்களை 60 நாள் கழித்து அழிக்கும்படி லைஃப்சைக்கிள் விதி போட்டால் பில்லும் ஏறாது. பாதியில் அறுந்த அப்லோட் துண்டுகளை அழிக்கவும் ஒரு விதி போடுங்கள். அவை கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து காசு தின்னும்.

எத்தனை நாள் வைப்பது என்பதற்கு ரெஸ்டிக்கில் ஃபர்கெட் கட்டளை. தினசரி 14, வாராந்தரம் 8, மாதாந்தரம் 24 என்பது உங்களுக்குப் பொருந்தும். நிதியாண்டு முடிவில் எடுக்கும் பேக்கப்பைத் தனிப் பெயர் வைத்து 8 ஆண்டுக்கும் விட்டுவிடுங்கள். இந்த ஃபர்கெட்டை விபிஎஸ்ஸில் ஓட்டாமல், வேறு சாவியோடு வேறு கம்ப்யூட்டரில் வாரம் ஒருமுறை ஓட்டுங்கள்.

கிரானுக்குப் பதில் லினக்ஸிலேயே இருக்கும் சிஸ்டம்டி டைமர் வைப்பது எனக்குப் பிடிக்கும். பெர்சிஸ்டென்ட் என்று போட்டால், அந்த நேரத்தில் சர்வர் அணைந்திருந்தாலும் எழுந்ததும் விட்டதை ஓட்டிவிடும். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது கிளம்பாது. லாகும் ஜர்னலில் ஒழுங்காக நிற்கும். கிரானே போதும் என்றால், ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டம் ஓடாமல் தடுக்கும் எஃப்லாக் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பனைமரக்காடு:

யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்துக்கு இதே ரெஸ்டிக் முறையைத்தான் செய்து வைத்திருக்கிறன். ஆபீஸிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். முதல் அப்லோட் பெரிதாக இருக்கும். 60 ஜிபியை 10 எம்பிபிஎஸ் லைனில் அனுப்ப 13 மணித்தியாலத்துக்கு மேல் போகும். நடுவில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், திரும்ப ஓட்டினால் ஏற்கெனவே ஏறியதை அது திரும்ப ஏற்றாது. பகலில் லைன் முழுவதையும் அது பிடித்துக்கொள்ளாமல் இருக்க லிமிட்-அப்லோட் ஆப்ஷன் இருக்கிறது. அந்த எண் செக்கனுக்கு எத்தனை கிலோபைட் என்பது. எம்பிபிஎஸ் என்று நினைத்து 5 என்று போட்டால் அது மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

பழையசர்வர்:

இரவுப்பணி சொன்ன ஏற்பாட்டில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் இத்தனைக்கும் பிறகு என் கேள்வி ஒன்றுதான்: ஒரு நாள் இது ஓடாமல் போனால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

மென்பொருள் கோடைச் சேமித்துத் தரும் கிட்லேப் கம்பெனியின் கதை நிறையப் பேருக்குத் தெரியும், ஆனாலும் பேக்கப் ஷெட்யூல் செய்கிற ஒவ்வொருவரும் அதன் உள்விவரத்தைப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். 2017 ஜனவரி 31 இரவு, துணை சர்வருக்கு டேட்டாவைப் பிரதி எடுக்கும் ரெப்ளிகேஷனில் வந்த சிக்கலைச் சரிசெய்து கொண்டிருந்த இன்ஜினியர், துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்தார். ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. யாருக்கும் நடக்கும். பயங்கரம் அதற்குப் பிறகுதான். தினமும் ஓடிய பிஜிடம்ப்பை எடுக்கப் போனால் எஸ்3 பக்கெட் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்க ஓடியதோ 9.2 பதிப்பின் கருவி. பதிப்பு ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோற்றதாக மெயிலும் கிளம்பியிருக்கிறது, மெயில் உண்மையான இடத்திலிருந்து வருகிறதா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாமல் அந்த மெயில்கள் திருப்பப்பட்டுவிட்டன. கிளவுட் டிஸ்க் ஸ்னாப்ஷாட் மற்ற சர்வர்களுக்கு இருந்தது, டேட்டாபேஸ் சர்வருக்குப் போடவில்லை. கடைசியில் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. இதை ஒளிக்காமல் வரிவரியாக எழுதி வெளியிட்டார்கள், அதற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பாருங்கள், அங்கே எச்சரிக்கையும் ஷெட்யூல் செய்யப்பட்டுத்தான் இருந்தது. தோற்றால் மெயில் வரும் என்ற ஏற்பாட்டின் கோளாறே அதுதான். மெயில் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று நினைப்போம், மெயிலே செத்திருக்கும். அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். பேக்கப் ஜெயித்தால், எல்லாம் முடிந்த பிறகு கடைசி வரியாக, வெளியே உள்ள ஒரு இணைய முகவரியை ஸ்கிரிப்ட் தட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் தட்டு வராவிட்டால் அந்தச் சேவை உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். ஹெல்த்செக்ஸ் என்ற சேவை இதற்கென்றே இருக்கிறது, ஓப்பன் சோர்ஸ், வேண்டுமானால் நாமே வேறு சர்வரில் வைத்துக்கொள்ளலாம். சர்வரே அணைந்தாலும், கிரான் செத்தாலும், பில் கட்டாமல் எஸ்3 நின்றாலும் தட்டு வராது, உங்களுக்குத் தெரிந்துவிடும். தட்டுவதற்கு முன் அளவையும் ஒப்பிடுங்கள். நேற்று 9 ஜிபி, இன்று 3 ஜிபி என்றால் தட்டாமல் நிற்கட்டும்.

எளிமை_போதும்:

இது பிடித்திருக்கிறது. ஒரு வரிதானே. என் இடங்களிலும் சேர்க்கப் போகிறேன். ஸ்னாப்ஷாட்டோடு வாரம் ஒரு டம்ப்பாவது வேறு அக்கவுண்டுக்குப் போகட்டும்.

மீனாட்சி_டிபிஏ:

தம்பி, எல்லாம் ஓட ஆரம்பித்ததும் விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே மணிக்கணக்கு வாடகைக்கு ஒரு புது விபிஎஸ் எடுத்து, உங்கள் பழைய சர்வரைத் தொடாமல், எஸ்3இல் இருப்பதை மட்டும் வைத்து அப்ளிகேஷனை எழுப்பிப் பாருங்கள். ரோ எண்ணிக்கையை ஒப்பிடுவது போதாது. தமிழில் உள்ள பெயர்களை, ஜாப் ஒர்க் பார்ட்டி பெயர், முகவரி இவற்றைக் கண்ணால் பாருங்கள். கேரக்டர் செட் தவறினால் எண்ணிக்கை அப்படியே இருக்கும், எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். விண்டோஸ் பவர்ஷெல்லில் டம்ப்பை அம்புக்குறி வைத்து ஃபைலுக்குத் திருப்புகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். அது யுடிஎஃப்-16இல் எழுதிவிடும், திரும்ப ஏறாது. ரிசல்ட்-ஃபைல் ஆப்ஷனைப் பயன்படுத்துங்கள்.

நொய்யல்கரை:

அக்கா, செய்துவிட்டேன். மும்பை பக்கெட், ரெஸ்டிக், டைமர், தட்டு எல்லாம் ஓடுகிறது. புது விபிஎஸ்ஸில் எழுப்பியும் பார்த்தேன். ஃபைல்கள் இறங்கியது பிரச்சினையே இல்லை. டேட்டாபேஸ் ஏறுவதற்கு டம்ப் எடுத்ததைவிடப் பல மடங்கு நேரம் பிடித்தது. ஏறி முடிந்து அப்ளிகேஷன் திறந்தது, ஆர்டர் லிஸ்ட் வந்தது, தமிழ்ப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஜாப் ஒர்க் பாக்கி ரிப்போர்ட்டைத் தட்டினால் 1449 என்று எரர், டிஃபைனர் யூசர் இல்லையாம்.

மீனாட்சி_டிபிஏ:

அந்த ரிப்போர்ட் ஒரு வியூவிலிருந்து (டேட்டாபேஸில் சேமித்து வைத்த தேடல்) வருகிறது. அந்த வியூவை உருவாக்கிய யூசர், அதாவது டிஃபைனர், புது சர்வரில் இல்லை. அதற்காகத்தான் யூசர்களைத் தனியாக எடுக்கச் சொன்னேன். அந்த ஃபைலை முதலில் ஏற்றிவிட்டு டம்ப்பை ஏற்றுங்கள், ரிப்போர்ட் வந்துவிடும். ஏறுவதற்கு நேரம் பிடிப்பது இண்டெக்ஸ்களை அது புதிதாகக் கட்டுவதால். அந்த நேரத்தை எழுதி முதலாளியிடம் கொடுங்கள். சர்வர் போனால் குறைந்தது அவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும்.

நொய்யல்கரை:

யூசர் ஃபைலை ஏற்றியதும் ரிப்போர்ட் வந்துவிட்டது. முதலாளியை உட்காரவைத்து அந்தப் புது விபிஎஸ்ஸில் அவருடைய ஆர்டரையே திறந்து காட்டினேன். மாதம் ஒரு சனிக்கிழமை இதையே திரும்பச் செய்து காட்டச் சொல்லிவிட்டார். 15 நிமிடப் பின்லாகுக்கும் சரி என்றார், பேப்பரை வைத்து ஒரு நாள் என்ட்ரியைத் திரும்பப் போட முடியாது என்று கணக்குப் பிரிவில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு சந்தேகம் மிச்சம். ரெஸ்டிக் பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும் இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால்? அப்புறம், அப்ளிகேஷன் எழுதியவர் அப்டேட் போடுவது நள்ளிரவுக்கு மேல்தான். 2.30 டம்ப்போடு மோதுமா?

இரவுப்பணி:

பாஸ்வேர்ட் தொலைந்தால் ரெஸ்டிக்கில் யாராலும் மீட்க முடியாது, அதை எழுதியவர்களாலும் முடியாது. ஆனால் ஒரே களஞ்சியத்துக்குப் பல பாஸ்வேர்ட் வைக்கலாம், கீ ஆட் என்று கட்டளை. முதலாளிக்கென்று ஒன்று உருவாக்கி, தாளில் எழுதி, கவரில் போட்டு அவர் வீட்டு லாக்கரில் வைக்கச் சொல்லுங்கள். அதே கவரில் எஸ்3 அக்கவுண்டின் லாகின், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பின் ரெகவரி கோடுகள், பக்கெட் பெயர், எப்படி மீட்பது என்று அரைப் பக்கம். இவை எதுவும் அந்த விபிஎஸ்ஸில் மட்டும் இருக்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமை ஒத்திகையை உங்கள் பாஸ்வேர்டை விட்டுவிட்டு அந்தக் கவரை வைத்துச் செய்து பாருங்கள்.

மீனாட்சி_டிபிஏ:

மோதும். சிங்கிள்-டிரான்சாக்ஷன் டம்ப் ஓடும்போது யாராவது டேபிளின் அமைப்பை மாற்றினால், ஆல்டர் டேபிள் மாதிரி, டம்ப் எரரில் நிற்கலாம் அல்லது அந்த டேபிளுக்குத் தவறான டேட்டா வரலாம். அப்டேட் போடுகிறவரிடம் 2.30 முதல் டம்ப் முடியும்வரை கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்டேட்டுக்கு முன்னால் அதே ஸ்கிரிப்டைக் கையால் ஒருமுறை ஓட்டி, தட்டு விழுந்ததைப் பார்த்த பிறகு தொடங்கட்டும். 20ஆம் தேதியை ஒட்டி, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்காகக் கணக்குப் பிரிவு உட்கார்ந்திருக்கும் நாட்களில் அப்டேட்டே வேண்டாம்.